கிழட்டுப் புலியை வாங்கலாமா?

சற்று நேரம் ஒரு கற்பனைப் பயணம் போய் வருவோம். இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். டெட்ராய்ட் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பண்ணை. பண்ணையின் ஓரத்தில் ஒரு மரக் கொட்டகை. கதவைத் தள்ளித் திறக்கிறீர்கள். உள்ளே, வைக்கோல் தூசு படிந்த ஒரு கார் நிற்கிறது. நான்கு டயர்களிலும் காற்றில்லை. கண்ணாடியில் சிலந்தி வலை. வண்ணம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அந்த நீண்ட முகப்பைப் பார்த்தவுடனே உங்கள் நெஞ்சு படபடக்கிறது. அது 1968ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. கார்!

விற்பவர் 12,000 டாலர் கேட்கிறார். ஐந்து ஆண்டுகளாக நீங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். "இன்னொருவரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், மாலைக்குள் சொல்லுங்கள்" என்கிறார் அவர். வண்டி ஓடாது. அடி முதல் முடி வரை சீரமைக்க வேண்டும். வாங்குவதா, விடுவதா?

இக்கேள்விக்கு விடை சொல்லப் பணக் கணக்கு மட்டும் போதாது. வரலாறும் தெரிய வேண்டும், வேதியியலும் தெரிய வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு விதியின் ஓட்டையில் பிறந்த கார்

ஜி.டி.ஓ. போன்ற வண்டிகளை அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று அழைப்பர். 'மஸில்' என்றால் தசை. தசைவலுக் கார் என்று நாம் சொல்லலாம். நடுத்தர அளவுள்ள, சாதாரண விலையுள்ள ஒரு குடும்பக் காரில் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பதே தசைவலுக் கார்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1949இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88 காரின் எட்டு உருளை எஞ்சின் 135 குதிரைத் திறன் தந்தது. 1955இல் வந்த கிரைஸ்லர் சி-300 அதை 300 ஆக உயர்த்தியது. ஆனால் கிரைஸ்லர் வசதி படைத்தவர்களின் கார். பட்டறைத் தொழிலாளியின் மகன் அதை ஏக்கத்தோடு பார்க்கலாமே தவிர, வாங்க முடியாது.

1960களின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் குழந்தைப் பிறப்பு திடீரெனப் பெருகியது. 1946இல் பிறந்த குழந்தை 1964இல் 18 வயது இளைஞன். கையில் ஓட்டுநர் உரிமம், பையில் சம்பளம். அவனுக்கென்று ஒரு கார் வேண்டும்!

இதை உணர்ந்தவர்கள் போன்டியாக் பிரிவின் பொறியாளர்கள். போன்டியாக், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவு. 1963இல் அந்நிறுவனம் தன் பிரிவுகள் எவையும் கார்ப் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று கட்டளையிட்டது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடன் பணியாற்றிய பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும் அந்த விதியைக் கவனமாகப் படித்தார்கள். விதி, காரின் இயல்பான எஞ்சினைப் பற்றித்தான் பேசியது. வாங்குபவர் தாமே விரும்பிக் கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டால்? அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை!

இப்படித்தான் 1964ஆம் ஆண்டின் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில், ஏறக்குறைய 295 டாலர் கூடுதல் விலைக்கு, 389 கன அங்குல எஞ்சின் 'விருப்பத் தேர்வாக' நுழைந்தது. நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டுக் காலம் ஓடிய அம்பாஸடர் காரின் 1489 கன செ.மீ. எஞ்சினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 389 கன அங்குலம் என்பது சுமார் 6,370 கன செ.மீ. நான்கு அம்பாஸடர் எஞ்சின்களைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது! திறன் 325 குதிரைகள். மூன்று இரட்டைக் கார்புரேட்டர்கள் கொண்ட வகையில் 348. பெயரைக்கூட இத்தாலியின் ஃபெராரிப் பந்தயக் காரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று மேலதிகாரிகள் நினைத்தார்கள். முதல் ஆண்டிலேயே விற்றவை 32,450! விளம்பரங்களில் புலியைப் போட்டு, இதுதான் சாலைப் புலி என்று முழங்கினார்கள். 1966இல் விற்பனை 96,946ஐத் தொட்டது. மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்குமா? 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. 1966இல் டாட்ஜ் சார்ஜர், 1967இல் செவர்லே கமாரோ, 1968இல் பிளிமத் ரோடு ரன்னர் என்று வரிசையாகக் களத்தில் இறங்கின. டெட்ராய்ட் நகரின் உட்வர்டு அவென்யூவில் இரவு தோறும் சிவப்பு விளக்கு பச்சையாக மாறும் நொடிக்காக இளைஞர்கள் காத்திருந்தார்கள்.

வீழ்ச்சிக்கு நான்கு காரணங்கள்

புலியின் ஆட்சி பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. விற்பனைக் கணக்கைப் பாருங்கள். 1968இல் 87,684 ஜி.டி.ஓ. கார்கள். 1970இல் 40,149. 1971இல் 10,532. 1973இல் வெறும் 4,806. 1974ஆம் ஆண்டு மாடலோடு ஜி.டி.ஓ. நின்றுபோயிற்று. காரணம் என்ன?

முதலாவது, காப்பீடு. அதிவேகக் கார்களை ஓட்டிய இளைஞர்கள் விபத்துகளில் சிக்கினார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய கார்களுக்குக் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தின.

இரண்டாவது, காற்று. அமெரிக்க நகரங்களின் வானம் புகையால் மங்கியது. 1970இல் இயற்றப்பட்ட தூய காற்றுச் சட்டம், காரிலிருந்து வெளிப்படும் நச்சுப் பொருள்களை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்றது.

மூன்றாவது, காரீயம். இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பெரிய திறனைப் பெற, உருளைக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையை மிக இறுக்கமாக அமுக்குவார்கள். 1968 ஜி.டி.ஓ. எஞ்சினின் அமுக்க விகிதம் 10.75க்கு 1. அவ்வளவு அமுக்கினால் சில வகைப் பெட்ரோல், தீப்பொறியால் சீராக எரிந்து முடிவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டு வெடிக்கும். எஞ்சினில் 'டக் டக்' என்ற இடிப்பு கேட்கும். இதைத் தடுக்கும் மருந்தாக 1921இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் ஆய்வாளர் கண்டுபிடித்ததே டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மம். தசைவலுக் கார்களின் வலுவில் ஒரு பங்கு அந்தக் காரீயம் கடனாகக் கொடுத்தது. ஆனால் காரீயம் நஞ்சு. குறிப்பாகக் குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. கடனை அடைத்தவர்கள் சாலையோரம் வாழ்ந்த குழந்தைகள்! புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவியையும் காரீயம் கெடுத்துவிடும். ஆகவே ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1971 மாடல்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்துவிட்டது. 1996 முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்குக் காரீயப் பெட்ரோல் அறவே தடை செய்யப்பட்டது.

நான்காவது, எண்ணெய். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள். ஏழு லிட்டர் எஞ்சின் வைத்திருந்தவர் ஏளனத்துக்கு ஆளானார்.

பல தசைவலுக் கார்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. பல, காயலான் கடையில் நசுக்கப்பட்டன. சில, கொட்டகைகளில் ஒதுங்கின. உங்கள் முன் நிற்கும் கார் அப்படி ஒதுங்கிய ஒன்று.

விலையின் விசித்திரம்

இன்று சில தசைவலுக் கார்கள் கோடிக் கணக்கில் விலை போகின்றன. எவை தெரியுமா? அக்காலத்தில் யாரும் வாங்காதவை! பிளிமத் குடா என்னும் காரில் 426 கன அங்குல 'ஹெமி' எஞ்சின் வேண்டுமென்றால் 1970இல் ஏறக்குறைய 870 டாலர் கூடுதலாகத் தர வேண்டும். காரின் விலையில் கால் பங்குக்கு மேல் அது. காப்பீடும் மிரட்டியது. எனவே மடிக்கும் கூரையோடும் ஹெமி எஞ்சினோடும் 1971இல் உருவான குடாக்கள் சுமார் ஒரு டஜன்தான். அவற்றுள் ஒன்று 2014இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்கு விலை போயிற்று.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள்தாம் கொட்டகை கொட்டகையாகத் தேடுகிறார்கள். ஆனால் 1968 ஜி.டி.ஓ. 87,684 கார்களில் ஒன்று. டஜனில் ஒன்று அன்று. இந்த வேறுபாட்டை மறந்தால் உங்கள் சேமிப்பு போய்விடும். தகட்டை ஒட்டவைக்கும் செலவும், வண்ணம் பூசும் செலவும் அரிய காருக்கும் சாதாரணக் காருக்கும் ஒன்றே. விற்கும்போது கிடைக்கும் விலை மட்டுமே வேறு.

சரி, இப்போது கொட்டகைக்குள் செல்வோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானமாக வந்த மாடு அல்லவே! பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கையில் ஒரு காந்தம், ஒரு டார்ச் விளக்கு, ஒரு திருப்புளி, ஒரு குறிப்பேடு. இவை போதும்.

முதற் சோதனை: இது யார்?

முதலில் காரின் பிறப்புச் சான்றைப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்து முகப்புக் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு உலோகத் தகடு தெரியும். அதில் உள்ள எண்தான் காரின் அடையாள எண். 1981 முதல் இவ்வெண்ணுக்கு 17 இலக்கங்கள். அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு முறை. 1968 போன்டியாக்கில் முதல் இலக்கம் 2. அது போன்டியாக்கைக் குறிக்கும். அடுத்து 42 என்றிருந்தால் ஜி.டி.ஓ. அதற்கடுத்த 37, இரு கதவுக் கூபே வகை. பிறகு வரும் 8, ஆண்டு 1968. அதன்பின் ஓர் எழுத்து, எந்த ஆலையில் பிறந்தது என்பதைக் காட்டும்.

42 என்ற இடத்தில் 37 இருந்தால்? அது சாதாரண லெமான்ஸ் கார். பின்னாளில் யாரோ ஜி.டி.ஓ. சின்னங்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம். விலையிலோ பெரிய வேறுபாடு! 1964, 1965 மாடல்களில் இந்தச் சோதனையும் செல்லாது. அப்போது ஜி.டி.ஓ. என்பது தனி மாடல் அல்ல, விருப்பத் தேர்வுதான் என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே அடையாள எண்ணில் அது பதிவாகவில்லை. விதியின் ஓட்டையில் நுழைந்த தந்திரம், அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வாங்குபவரைத் தடுமாறச் செய்கிறது.

நல்ல வேளையாக, போன்டியாக் ஆலைப் பதிவுகளின் படிகள் காக்கப்பட்டிருக்கின்றன. அடையாள எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்தக் கார் எந்த எஞ்சினோடும் எந்த வண்ணத்தோடும் வெளிவந்தது என்று அறியலாம். எஞ்சினிலும் கியர்ப் பெட்டியிலும் அடையாள எண்ணின் ஒரு பகுதி பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் அது பிறவி எஞ்சின்.

உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடையாள எண்ணைச் சுரண்டியோ மாற்றியோ இருந்தால், அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம்.

இரண்டாம் சோதனை: துரு எங்கே?

கொட்டகைக்குள் நுழைபவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சின் மூடியைத் தூக்குவார்கள். அதுதான் தவறு! கீழே குனிந்து தரையைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் தடித்த வார்ப்பிரும்பு. பல்லாண்டு சும்மா கிடந்து உள்ளே இறுகிப் போயிருந்தாலும், உருளைகளைச் சற்றே பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன்களைப் போட்டு மீட்டுவிடலாம். ஒரே ஒரு பேராபத்து, குளிர்காலத்தில் உள்ளே வெறும் நீர் தேங்கி நின்றிருப்பது. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். அந்த விரிவு வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். அப்படி விரிசல் இல்லையென்றால் எஞ்சினைப் பற்றி அஞ்ச வேண்டாம்.

காரின் உடல் அப்படியல்ல. அது ஒரு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள எஃகுத் தகடு. இன்றைய கார்களில் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு. 1968இல் அது பரவலாக இல்லை. சில ஆண்டுகள் உழைத்தால் போதும் என்று செய்யப்பட்ட பண்டம் அது. வாங்கியவர் மூன்று, நான்கு ஆண்டுகளில் புதிய கார் வாங்கிவிடுவார் என்பதே நிறுவனங்களின் கணக்கு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் வேண்டும். தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. வேறோரிடத்தில் உயிர்வளி அவற்றைப் பெறுகிறது. இடையில் நீர்ப்படலம் பாலமாகிறது. ஒரு சிறிய மின்கலம் போலத்தான் இது! அந்த நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகும். துரு வேகமாகப் படரும். மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் குளிர்காலப் பனியை உருக்கச் சாலையெங்கும் உப்பைத் தூவுவார்கள். டெட்ராய்ட் நகரின் அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. காரைப் பெற்ற ஊரே காரைத் தின்னும் உப்பையும் தருகிறது என்பது வேடிக்கையான உண்மை. இதனால்தான் பாலைவன மாநிலமான அரிசோனாவில் வாழ்ந்த கார்களுக்குத் தனி மதிப்பு.

துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மேலே உள்ள வண்ணம் கொப்புளிக்கும். வெளியே நெல்லிக்காய் அளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு தகடு போயிருக்கும். இந்த மாடலில் பின் கண்ணாடியின் விளிம்பில் தொடங்கும் துரு ஓட்டையாகி, அதன் வழியே மழைநீர் டிக்கிக்குள் இறங்கும்; டிக்கித் தளமும் பின் சக்கரத்தையொட்டிய பக்கத் தகடுகளும் அரிக்கப்படும். கூரையில் வினைல் உறை போட்ட கார் என்றால் இன்னும் கவனம் தேவை. உறையின் அடியில் ஈரம் தங்கும்.

இப்போது காந்தத்தை எடுங்கள். மெல்லிய துணியில் சுற்றி, பக்கத் தகடுகளின் கீழ்ப்பகுதியில் நகர்த்துங்கள். எங்கே பிடிப்பு தளர்கிறதோ, அங்கே இரும்பு இல்லை. ஓட்டையை அடைத்த பட்டிதான் இருக்கிறது. டிங்கர் பட்டறையில் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் கண் ஏமாறும். காந்தம் ஏமாறாது.

கடைசியாகச் சேஸிஸ். ஜி.டி.ஓ. காரில் உடலும் அதைத் தாங்கும் சட்டமும் தனித்தனி. பின் சக்கரங்களுக்கு அருகே சட்டத்தைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால், இரண்டாவது யோசனையே வேண்டாம். மஸ்டாங் போன்ற கார்களில் தனிச் சட்டம் கிடையாது. உடலே எலும்புக்கூடு. அவற்றில் துரு என்பது எலும்புருக்கி நோய்.

மூன்றாம் சோதனை: கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இத்தகைய காருக்கென்றே சொன்னது போலிருக்கிறது. முழுச் சீரமைப்பு என்றால் காரை அக்கக்காகக் கழற்றி, உடலைச் சட்டத்திலிருந்து தூக்கி, துருவை நீக்கி, புதுத் தகடு வைத்து, எஞ்சின், கியர், பிரேக், கம்பிகள், இருக்கைகள் அனைத்தையும் புதுப்பித்து மறுபடி பூட்டுவது. தேர்ந்த பட்டறையில் ஆயிரம் மணி நேர உழைப்பு என்பது மிகையான மதிப்பீடன்று. மணிக்கு 75 டாலர் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி மட்டும் 75,000 டாலர். பாகங்களுக்கும் வண்ணத்துக்கும் 25,000 என்று வையுங்கள். காரின் விலை 12,000. மொத்தம் 1,12,000 டாலர். இதே மாடல் கார், ஏற்கெனவே ஒருவர் செலவழித்துச் சீராக்கியது, இதில் பாதி விலைக்கே சந்தையில் கிடைப்பது அரிதன்று! அவருடைய நட்டம் உங்கள் லாபம்.

கூலியை மிச்சப்படுத்த நாமே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்யலாம். ஞாயிறு தோறும் எட்டு மணி நேரம் என்றால் ஆயிரம் மணி நேரத்துக்கு 125 ஞாயிற்றுக்கிழமைகள். தொழில் தெரிந்தவரின் கணக்கு அது. கற்றுக்கொண்டே செய்பவருக்கு இருமடங்கு ஆகும். ஐந்து ஆண்டுகள்! அதற்குள் வீடு மாறும், வேலை மாறும், குழந்தை பிறக்கும். பாதி கழற்றிய காரும் பெட்டி பெட்டியாகப் பாகங்களும் விற்பனைக்கு வருவது இதனால்தான். ஓடாத முழுக் காரைவிட, கழற்றிப் போட்ட கார் பல மடங்கு தொல்லை. எந்தத் திருகு எங்கே என்பதைக் கழற்றியவரே அறிவார்.

பாகங்கள் கிடைக்குமா என்பதும் கேள்வி. போன்டியாக் என்ற பெயரே 2010இல் முடிந்துவிட்டது. ஆயினும் ஜி.டி.ஓ. காருக்குத் தரைத் தகடு முதல் ரப்பர்ப் பட்டை வரை புதிதாகச் செய்து விற்போர் உள்ளனர். மஸ்டாங், கமாரோ கார்களுக்கோ முழு உடலே புதிதாகக் கிடைக்கிறது. அதிகம் விற்காத மாடல் என்றால் ஒரு விளக்கு உறைக்குக்கூட மாதக் கணக்கில் அலைய வேண்டும்.

பெட்ரோல் வேறு இருக்கிறது. காரீயம் போனதால் இரண்டு சிக்கல்கள். காரீயப் படிவு அக்கால எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்குக் கவசமாக இருந்தது. அது இல்லாததால், கடினப்படுத்திய புதிய இருக்கைகளைப் பொருத்த வேண்டும். அமுக்க விகிதத்தையும் இன்றைய பெட்ரோலுக்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கலாம். இதோ, அசல் எஞ்சினை அசலாகவே வைத்துக்கொள்ள முடியாத நிலை! ஆனால் நஞ்சில்லாத காற்றுக்குக் கொடுக்கும் விலை இது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

துடைக்கலாமா, துடைக்காமல் விடலாமா?

இன்னொரு கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. இந்தக் காரைச் சீரமைக்கத்தான் வேண்டுமா?

1968இல் 'புல்லிட்' என்ற திரைப்படம் வந்தது. அதில் நடிகர் ஸ்டீவ் மக்வீன் ஒரு பச்சை நிற மஸ்டாங் காரை சான் பிரான்சிஸ்கோ நகரின் மேடு பள்ளமான தெருக்களில் விரட்டி ஓட்டுவார். அந்தக் காரை 1974இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கிற்று. அன்றாட வேலைகளுக்கு ஓட்டினார்கள். மக்வீன் 1977இல் திரும்பக் கேட்டும் கொடுக்கவில்லை. பிறகு கார் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. மீண்டும் வெளியே வந்தபோது, அதைப் பளபளப்பாக்க அவர்கள் முயலவில்லை. ஓடும்படி செய்தார்கள். கீறலையும், துருவையும், மங்கிய வண்ணத்தையும், படப்பிடிப்புக் கருவிகளைப் பொருத்தச் செய்த வெட்டுகளையும் அப்படியே விட்டார்கள். 2020 ஜனவரியில் அக்கார் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போயிற்று. கட்டணங்களையும் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம்.

உங்கள் கார் திரைப்பட நட்சத்திரம் அல்ல. இந்த விலையும் கிடைக்காது. ஆனால் பாடம் ஒன்றுதான். மணல் வீசித் தகட்டைத் துடைத்த பிறகு, ஆலைத் தொழிலாளி சாக்கட்டியால் எழுதிய குறியும், முதல் வண்ணமும், பழைய உரிமையாளரின் கை பட்டுத் தேய்ந்த தடமும் திரும்பி வாரா. புதிய வண்ணத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பூசலாம். பழைய வண்ணத்தை ஒருமுறைகூடப் பூச முடியாது. ஒரு கல்வெட்டைச் சுரண்டிவிட்டு அதே எழுத்துகளைப் புதிதாக வெட்டினால், அழகு கூடலாம். சான்று போய்விடும்.

மாலை வந்துவிட்டது

விற்பவர் காத்திருக்கிறார். என்ன சொல்வீர்கள்?

சட்டம் உளுத்திருந்தால், அல்லது அடையாள எண் வேறு கதை சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கார் வீணாகிவிடாது. அதன் கதவும் கண்ணாடியும் எஞ்சினும் வேறொரு ஜி.டி.ஓ. பிழைக்க உதவும். சட்டம் உறுதியாகவும் உடல் பெரும்பாலும் நலமாகவும் சான்றுகள் சரியாகவும் இருந்து, எஞ்சின் மட்டும் ஓடவில்லையென்றால், அது நல்ல கார். ஆனால் கையில் உள்ள பணம் முழுவதும் விலைக்கே போய்விடுமானால் இன்று வேண்டாம். வாங்கும் விலையைப் போல இன்னொரு மடங்காவது கையில் இருந்தால், ஓடும்படி செய்து, உள்ளதைக் காத்து, மீதியைப் பொறுமையாகச் செய்யலாம். நாளை லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்காதீர்கள். அந்தக் கணக்கில் ஜெயித்தவர்கள் மிகச் சிலர். 125 ஞாயிறுகளைக் கொட்டகையில் கழிப்பதே உங்களுக்கு மகிழ்ச்சி என்றால், அது செலவாகாது, கல்வியாகும்.

தசைவலுக் கார் என்பது மலிவுப் பெட்ரோலும் காரீயமும் இளமைத் துடிப்பும் சேர்ந்த ஒரு பத்தாண்டின் சாட்சி. அந்தக் காலம் திரும்பி வராது, வரவும் வேண்டாம். ஆனால் சாட்சிகள் சில பிழைத்திருப்பது நல்லது. அவற்றுள் எதைக் காப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய, ஆசையோடு காந்தமும் குறிப்பேடும் தேவை.

கொட்டகைக் கதவைச் சாத்தும் முன் ஒரு முறை கீழே குனிந்து பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.